ஆறு மாதச் சம்பாத்தியம், பன்னிரண்டு மாதச் செலவு: அறுகம்பைக் கடையொன்றின் கணக்கு

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்
பாடப்பகுதி: வணிகச் சூழல், வணிக அலகு எண்ணக்கரு, காசுப் பாதீடு



வணிகச் சூழல் பற்றிய வினாவுக்கு "இயற்கைச் சூழல், பொருளாதாரச் சூழல், அரசியல் சட்டச் சூழல்" என்று தலைப்புக்களை மட்டும் எழுதிவிட்டு, உதாரணம் தராமல் புள்ளிகளை இழப்போர் பலர். உதாரணம் தேடி நீங்கள் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து ஏ-4 வீதியில் தெற்கே சென்றால் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில் வரும். அதற்குத் தெற்கே, களப்புப் பாலத்தைக் கடந்ததும் அறுகம்பை. ஊரார் அதனை உல்லை என்பர். அங்குள்ள ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையை வைத்து மூன்று பாடப்பகுதிகளையும் விளங்கிக்கொள்ளலாம்.

1. பருவகால வணிகம் என்றால் என்ன?

ஆண்டின் சில மாதங்களில் மட்டும் விற்பனை உயர்ந்து, ஏனைய மாதங்களில் பெரிதும் குறையும் வணிகம் பருவகால வணிகம் எனப்படும். அறுகம்பை உலகில் பெயர் பெற்ற அலைச்சறுக்கு விளையாட்டுத் தலங்களுள் ஒன்று. ஏறத்தாழ மே தொடக்கம் ஒக்டோபர் வரை அங்கு "சீசன்".

இதற்குக் காரணம் இயற்கையே. இம்மாதங்களில் தென் இந்து சமுத்திரப் புயல்களால் எழும் நீண்ட அலைகள் இக்கரையை வந்தடைகின்றன. தென்மேல் பருவக்காற்று மேற்குப் பகுதிக்கு மழையைக் கொடுத்துவிட்டு, கிழக்குக்கு வரண்ட காற்றாக வருகிறது. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழையும் டிசெம்பரில் வடகீழ் பருவமழையும் தொடங்க, உல்லாசப் பயணிகள் தென், மேல் மாகாணக் கடற்கரைகளுக்குச் சென்றுவிடுகின்றனர்.

ஆகவே தங்குமிடம், ரொட்டிக் கடை, ஓட்டோ, அலைச்சறுக்குப் பலகை வாடகை என எதைச் செய்தாலும், இங்கு ஆறு மாத வருமானத்தைக் கொண்டே பன்னிரண்டு மாதமும் சீவிக்க வேண்டும். இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

2. வணிகச் சூழல்: அறுகம்பை உதாரணங்கள்

(அ) இயற்கைச் சூழல்: 2004.12.26 அன்று ஏற்பட்ட சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதல் பொத்துவில் வரை கரையோர வீடுகளும் கடைகளும் அழிந்தன. அறுகம்பைப் பாலமும் சேதமடைந்தது. ஒரே காலையில் வணிகத்தின் சொத்துக்கள் முழுவதும் அழிந்துபோகலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

(ஆ) அரசியல் சட்டச் சூழல்: 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின் கிழக்குக்குப் பயணிகள் வருகை பெருகியது. 2019.04.21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின், சீசன் தொடங்கும் வேளையிலேயே பல நாடுகள் தமது பிரசைகளுக்குப் பயண எச்சரிக்கை விடுத்தன. எனினும் அதே ஆண்டு செப்டெம்பரில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியொன்று அறுகம்பையில் நடைபெற்றது. 2024 ஒக்டோபரிலும் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பை தொடர்பாகப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தது.

(இ) பொருளாதாரச் சூழல்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. எரிபொருள், சமையல் எரிவாயு என்பவற்றுக்கு வரிசை. மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. கோதுமை மாவின் விலை ஏறினால் ரொட்டிக் கடைக்காரரின் கொள்வனவுச் செலவு அன்றே ஏறும். அதே வேளை, டொலருக்கு அதிக ரூபா கிடைப்பதால் வெளிநாட்டவருக்கு இங்கு செலவு குறைவு. ஒரே மாற்றம் ஒரு வணிகத்துக்கு அச்சுறுத்தலாகவும் வாய்ப்பாகவும் அமையலாம் என்பதைக் கவனிக்க.

(ஈ) சமூக கலாசாரச் சூழல்: பொத்துவில் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். ஜும்ஆ நேரத்தில் கடை அடைபடும். நோன்பு மாதத்தில் வேலை நேரம் மாறும். றமழான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருவதால், 2018இல் மே, ஜூன் மாதங்களில் சீசனுக்குள் வந்த நோன்பு, 2025இல் மார்ச்சில், சீசனுக்கு வெளியே வந்தது. திட்டமிடும் கடைக்காரர் இதனையும் கணக்கில் எடுப்பார்.

(உ) தொழினுட்பச் சூழல்: இணையம் மூலம் அறை பதிவு செய்யும் முறை வந்தபின், சிறு விடுதியும் வெளிநாட்டில் வாடிக்கையாளரைப் பெறுகிறது. ஆனால் அதற்குத் தரகுப் பணம் செலுத்த வேண்டும்.

இச்சூழல் மாற்றங்களின் விளைவை நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் எண்ணிக்கையில் காணலாம்.

2018 – ஏறத்தாழ 23.3 இலட்சம்
2019 – ஏறத்தாழ 19.1 இலட்சம்
2020 – ஏறத்தாழ 5.1 இலட்சம்
2021 – ஏறத்தாழ 1.9 இலட்சம்
2022 – ஏறத்தாழ 7.2 இலட்சம்
2023 – ஏறத்தாழ 14.9 இலட்சம்
2024 – ஏறத்தாழ 20.5 இலட்சம்

2020, 2021 வீழ்ச்சிக்குக் கொவிட்-19 தொற்றே பிரதான காரணம். இவை முழு நாட்டுக்குமான தொகைகள். எனினும் ஆறு மாத சீசனை மட்டும் நம்பிய ஒரு கடைக்கு இவ்வீழ்ச்சி என்ன செய்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

3. கடைக் காசு வேறு, வீட்டுக் காசு வேறு

உரிமையாளரிலிருந்து வணிகத்தை வேறான ஓர் அலகாகக் கருதிக் கணக்கு வைத்தல் வணிக அலகு எண்ணக்கரு ஆகும். தனியாள் வணிகத்தில் சட்டப்படி உரிமையாளரும் வணிகமும் ஒன்றே. பொறுப்பும் வரையறையற்றது. கடைக் கடனுக்காக வீட்டையும் இழக்க நேரலாம். ஆனால் கணக்கீட்டில் இருவரும் வெவ்வேறு.

உரிமையாளர் சொந்தத் தேவைக்காகக் கடையிலிருந்து எடுக்கும் காசும் பொருளும் எடுப்பனவு எனப்படும். இலாச்சியிலிருந்து பெருநாள் உடுப்பு வாங்க எடுத்த 15,000 ரூபாவும், வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து கொண்டு சென்ற 5 கிலோ அரிசியும் எடுப்பனவுகளே. இவை கடையின் செலவு அல்ல. இவற்றால் உரிமையாண்மை குறையும்.

சொத்துக்கள் = உரிமையாண்மை + பொறுப்புக்கள்

15,000 ரூபா எடுக்கப்பட்டபோது காசு என்னும் சொத்து 15,000 ரூபாவால் குறைகிறது. உரிமையாண்மையும் அதே தொகையால் குறைகிறது. சமன்பாடு சமனாகவே இருக்கும்.

இவ்வாறு பிரித்து எழுதாத கடையில், வியாபாரம் நட்டத்தில் போகிறதா, வீட்டுச் செலவு கூடிவிட்டதா என்று உரிமையாளருக்கே தெரியாது. வங்கியில் கடன் கேட்பதற்கும், ஆண்டு முடிவில் ஸகாத் கணக்கிடுவதற்கும் கடையின் சரக்கும் காசும் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

4. காசுப் பாதீடு: ஓர் உதாரணம்

எதிர்காலக் காலப்பகுதியொன்றில் எதிர்பார்க்கும் காசுப் பெறுவனவுகளையும் கொடுப்பனவுகளையும் முன்கூட்டியே மதிப்பிட்டுக் காட்டும் கூற்று காசுப் பாதீடு ஆகும். உல்லையில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்வருமாறு கொள்வோம். (தொகைகள் பயிற்சிக்காக எடுக்கப்பட்டவை.)

சீசன் காலம், மே – ஒக்டோபர் (ஒரு மாதத்துக்கு, ரூபா)
விற்பனைப் பெறுவனவு – 600,000
கொள்வனவும் எரிவாயுவும் – 330,000
ஊழியர் சம்பளம் – 80,000
கடை வாடகை – 35,000
மின்சாரம், நீர் – 20,000
கடன் தவணை – 15,000
மொத்தக் கொடுப்பனவு – 480,000
மிகை – 120,000

சீசன் அற்ற காலம், நவம்பர் – ஏப்ரல் (ஒரு மாதத்துக்கு, ரூபா)
விற்பனைப் பெறுவனவு – 80,000
கொள்வனவும் எரிவாயுவும் – 44,000
ஊழியர் சம்பளம் – இல்லை (உரிமையாளரே வேலை செய்கிறார்)
கடை வாடகை – 35,000
மின்சாரம், நீர் – 6,000
கடன் தவணை – 15,000
மொத்தக் கொடுப்பனவு – 100,000
பற்றாக்குறை – 20,000

கொள்வனவுச் செலவு விற்பனையோடு சேர்ந்து குறைந்துவிட்டது. அது மாறும் செலவு. வாடகை ஒரு சதமும் குறையவில்லை. அது நிலையான செலவு. பருவகால வணிகத்தை நெருக்குவது நிலையான செலவே.

ஆண்டு முழுவதற்குமான கணக்கு:
சீசன் மிகை 120,000 × 6 = 720,000
சீசன் அற்ற காலப் பற்றாக்குறை 20,000 × 6 = 120,000
ஆண்டின் தேறிய மிகை = 600,000
ஒரு மாதத்துக்கு 600,000 ÷ 12 = 50,000

சீசனில் மாதம் 120,000 ரூபா கையில் நின்றாலும், வீட்டுக்கு எடுக்கக்கூடியது 50,000 ரூபா மட்டுமே. மிகுதி 70,000 ரூபாவை ஆறு மாதம் சேமித்தால் 420,000 ரூபா வரும். மழைக்காலத்தில் கடையின் பற்றாக்குறை 20,000 ரூபாவும் வீட்டுச் செலவு 50,000 ரூபாவுமாக மாதம் 70,000 ரூபா வேண்டும். ஆறு மாதத்துக்கு அதே 420,000 ரூபா. கணக்கு நேராகிறது.

மாறாக, சீசனில் வந்ததை வந்தபடியே எடுத்துச் செலவழித்தால், நவம்பரில் கடை வாடகைக்கே கடன் வாங்க நேரும். அக்கடனை அடுத்த சீசன் வருமானம் அடைக்கும். அதனால் அடுத்த மழைக்காலத்துக்கும் கடனே. கடை நிறையச் சனம் இருந்தும் கடைக்காரர் கடனாளியாவது இப்படித்தான்.

கவனிக்க: காசு மிகை வேறு, இலாபம் வேறு. கடன் தவணையில் முதல் திருப்பிச் செலுத்தும் பகுதி காசுக் கொடுப்பனவு. ஆனால் செலவு அன்று. வட்டி மட்டுமே செலவு. குளிர்சாதனப் பெட்டியின் பெறுமானத் தேய்வு செலவு. ஆனால் காசுப் பாதீட்டில் வராது.

5. அடுத்த சீசன் வராவிட்டால்?

மேலே கண்ட கணக்கில் ஏப்ரல் முடிவில் கையில் எதுவும் மிஞ்சாது. அவ்வாண்டு சீசன் பொய்த்தால் என்ன செய்வது? 2019, 2020 ஆண்டுகள் இக்கேள்வியைப் பலரிடம் கேட்டன.

உரிமையாளர் வீட்டுக்கு 50,000 ரூபாவுக்குப் பதிலாக 40,000 ரூபா எடுத்தால், ஆண்டுக்கு 10,000 × 12 = 120,000 ரூபா ஒதுக்கமாகச் சேரும். பயணிகளே வராத ஒரு சீசனில், உள்ளூர் விற்பனையோடு மட்டும் கடையை ஆறு மாதம் திறந்து வைக்க 20,000 × 6 = 120,000 ரூபா போதும். வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் வேண்டும். ஆயினும் கடை கைவிட்டுப் போகாது. அதனையே தொடர்ந்தியங்கல் என்கிறோம்.

இடர்நேர்வைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு:
– வருமான மூலங்களைப் பலதாக்கல். பெரும்போக வேளாண்மை சீசன் அற்ற காலத்திலேயே நடைபெறுவதால், கடையும் வயலும் ஒன்றையொன்று தாங்கும்.
– உள்ளூர் வாடிக்கையாளரைத் தக்கவைத்தல்.
– தீ, வெள்ளம் முதலியவற்றுக்குக் காப்புறுதி செய்தல்.
– வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திலும், வியாபார உரிமத்தைப் பிரதேச சபையிலும் உரியவாறு பெற்று, காசேட்டை அன்றாடம் எழுதுதல்.

6. பரீட்சைக் குறிப்புகள்

– சூழல் காரணி கேட்டால், காரணி, உதாரணம், வணிகத்துக்கு ஏற்பட்ட விளைவு என மூன்றையும் எழுதுக.
– "எடுப்பனவு" என்று கண்டவுடன் செலவில் சேர்க்க வேண்டாம்.
– பாதீட்டில் மிகையா பற்றாக்குறையா என்பதைப் பெயரிட்டுக் காட்டுக.

7. பயிற்சி வினாக்கள்

1. மேலுள்ள கடையில் சீசன் ஒரு மாதம் குறைந்து ஐந்து மாதமாகவும், சீசன் அற்ற காலம் ஏழு மாதமாகவும் ஆனால், மாதம் எவ்வளவு எடுப்பனவு செய்யலாம்?
2. சீசன் ஆறு மாதமாகவே இருக்க, வாடகை மாதம் 10,000 ரூபாவால் ஆண்டு முழுவதும் அதிகரித்தால் விடை என்னவாகும்?
3. உங்கள் ஊரில் பருவகால வணிகம் ஒன்றைப் பெயரிட்டு, அதைப் பாதிக்கும் இரு வெளியகச் சூழல் காரணிகளை விளக்குக.

விடைகள்: (1) 120,000 × 5 = 600,000; 20,000 × 7 = 140,000; தேறிய மிகை 460,000; மாதத்துக்கு ஏறத்தாழ 38,333 ரூபா. (2) 600,000 – 120,000 = 480,000; மாதத்துக்கு 40,000 ரூபா. (3) மீன், பெருநாள் உடுப்பு, நெல் சார்ந்த வணிகம் எதனையும் எழுதலாம்.

முதலாம் விடையை மீண்டும் பாருங்கள். ஒரு மாத மழை முந்தி வந்தால் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் 11,667 ரூபா குறைகிறது. உங்கள் வீட்டில் கடை இருந்தால், இவ்வார இறுதியில் ஒரு கொப்பியை எடுத்து, கடைக்கு ஒரு பக்கமும் வீட்டுக்கு ஒரு பக்கமும் கோடிட்டு எழுதத் தொடங்குங்கள். பரீட்சைக்கு அதுவே சிறந்த பயிற்சி. வீட்டுக்கும் அது உதவும்.