சாப்பாட்டுக்கு முன்னால் வரும் ரொட்டி

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்தேன். எந்த உணவகத்துக்குப் போனாலும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே ஒரு கூடை குட்டி ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். ஓரிடத்தில் அமிர்தம், அடுத்த இடத்தில் வாயில் வைக்க முடியவில்லை. இது எங்கே பிறந்தது? நல்லது கிடைக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பசியோடு வந்து உட்கார்ந்தவருக்கு முதலில் ரொட்டியை வைப்பது ஐரோப்பியச் சத்திரங்களின் பழைய வழக்கம். ஆனால் நீங்கள் சாப்பிட்டது அமெரிக்கர்கள் ‘டின்னர் ரோல்’ என்று சொல்வது. பால், வெண்ணெய், சிறிது சர்க்கரை சேர்த்துப் பிசைந்தது. மேல்தோல்கூட மெத்தென்றிருக்கும். அந்த வகையில் மிகவும் பேர்பெற்றது பாஸ்டன் நகரத்தின் பார்க்கர் ஹவுஸ் ரோல்.

மெய்ன் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த ஹார்வி பார்க்கர், பாஸ்டனின் ஸ்கூல் தெருவில் 1855-ல் பார்க்கர் ஹவுஸ் ஹோட்டலைத் திறந்தார். அந்தக் காலத்து அமெரிக்க விடுதிகளில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே கட்டணம். குறித்த நேரத்தில் பந்தி. பார்க்கர் இரண்டையும் பிரித்தார். வேண்டிய நேரத்தில் வந்து வேண்டியதைக் கேட்டுச் சாப்பிடலாம் என்றார். அந்தச் சமையற்கூடத்தில்தான் 1870-களில் இந்த ரோல் உருவானது. மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் கத்தியின் முதுகால் ஒரு கோடு அழுத்தி, வெண்ணெய் தடவி, சோமாசி மடிப்பதுபோல் ஒரு பாதியை மறுபாதியின்மேல் மடிப்பார்கள். வெந்தபின் அந்த மடிப்பு தானாக வாய் திறக்கும்; உள்ளே வெண்ணெய் ஊறியிருக்கும்.

கோபத்தில் இருந்த ரொட்டிக்காரர் ஒருவர் அரைகுறை மாவை அடுப்பில் வீசியெறிந்ததால் இது பிறந்தது என்று பாஸ்டனில் ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோடு அழுத்துவதும், அளவாக வெண்ணெய் தடவுவதும், ஓரம் பார்த்து மடிப்பதும் கோபக்காரர் கைவேலை அல்ல. நிதானமாக யோசித்தவரின் வேலை. 1896-ல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் புத்தகத்தில் இதன் செய்முறை இருக்கிறது. அதற்குள் அது வீட்டுச் சமையலறைகளுக்குப் போய்விட்டது.

ஏன் அந்தக் காலத்தில்? இரண்டு காரணங்களைச் சொல்வேன். அதுவரை மாவு பொங்கிவர வீட்டில் காய்ச்சிய நுரைநீரையோ மதுவடிக்கும் இடத்து வண்டலையோதான் நம்பியிருந்தார்கள். இன்றைக்கு உப்பியது நாளைக்கு உப்பும் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரியப் பேரரசில் பிறந்த சார்லஸ் ஃபிளைஷ்மன், 1868-ல் சின்சினாட்டியில் ஈஸ்டைக் கட்டியாக அழுத்தி விற்கத் தொடங்கினார். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்த ஈஸ்டில் செய்த ரொட்டியை அங்கேயே சுட்டுச் சூடாகக் கொடுத்தபோது கூட்டம் மொய்த்தது. இரண்டாவது காரணம் மாவு. 1880 வாக்கில் மினியாபொலிஸ் ஆலைகள் கல் திரிகையை விட்டு எஃகு உருளைக்கு மாறின. வெள்ளை வெளேரென்ற மைதா மலிவாகக் கிடைத்தது. இந்த இரண்டும் இல்லாமல் இவ்வளவு மிருதுவான ரொட்டி தினப்படி மேசைக்கு வந்திருக்காது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சூடாக வருவதெல்லாம் அங்கேயே பிசைந்து சுட்டது அல்ல. ஃப்ளோரிடாவில் ஏவன் பார்க் என்ற சிற்றூரில் ஜோ கிரெகர் என்ற ரொட்டிக்காரர் ஓய்வுநேரத்தில் தீயணைப்புத் தொண்டராகவும் இருந்தார். ஒருநாள் சங்கு ஊதவே, பாதி வெந்த ரோல்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்து மறுபடி அடுப்பில் வைத்தார், நன்றாகவே வெந்திருந்தன. அந்த முறையை ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1949-ல் நாடெங்கும் கொண்டுபோனது. இப்போது பல உணவகங்களுக்குத் தொழிற்சாலையிலிருந்து பாதி வெந்த ரோல்கள்தான் வந்து இறங்குகின்றன. கடைசிச் சில நிமிடச் சூடு மட்டுமே அங்கே நடக்கிறது. அவசரத்துக்கு அருமையான வழிதான். ஆனால் இரண்டு முறை சூடு பட்டதில் ஈரம் குறைந்து, ஆறியதும் சீக்கிரம் வறண்டுவிடும்.

ஆகவே பரிமாறுபவரிடம் “மாவு இங்கேயே பிசைகிறீர்களா? அடுத்த தட்டு எப்போது இறங்கும்?” என்று கேளுங்கள். சுடுகிற இடமென்றால் நேரத்தைச் சட்டென்று சொல்வார்கள். பேக்கரியிலும் இதே கேள்விதான். பிறகு ரோலைப் பிய்த்துப் பாருங்கள்: உள்ளே இழை இழையாக நீண்டு பிரிந்தால் நன்றாகப் பிசைந்து பொறுமையாகப் பொங்கவிட்ட மாவு. பொடிப்பொடியாக உதிர்ந்தால் பழையது அல்லது அவசரப்பட்டது. தட்டில் நெருக்கி அடுக்கிச் சுட்ட ரோலின் பக்கங்கள் வெளுத்து மிருதுவாக இருக்கும். அதைக் குறையென்று தள்ளிவிடாதீர்கள், சுவையே அங்கேதான்.

மகன் மிஸௌரி பக்கம் போனால் சைக்ஸ்டன் ஊரின் லாம்பர்ட்ஸ் கஃபேயில் சாப்பிடச் சொல்லுங்கள். 1942-ல் தொடங்கிய கடை. 1976-ல் ஒருநாள் கூட்டத்தில் நகர முடியாமல் நின்ற நார்மன் லாம்பர்ட்டிடம், ரோலை அங்கிருந்தே எறியும்படி ஒருவர் கேட்டாராம், எறிந்தார். அன்றிலிருந்து அடுப்பிலிருந்து எடுத்த பெரிய ரோல்கள் மேசைக்கு மேசை பறக்கின்றன, பிடித்துக்கொள்ள வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு. ஆறுவதற்கு நேரமே கொடுக்காத பரிமாறல் அது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

கேள்வி: மிச்சமான ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டியாகிவிடுகிறதே?
– அதே வாசகி

பதில்: ஆறிய மாவுச்சத்து மெல்ல மெல்ல இறுகும். ஃப்ரிட்ஜ் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். அன்றைக்கே தின்பதானால் மூடிய டப்பாவில் வெளியே வையுங்கள். பல நாளுக்கானால் ஃப்ரீஸரில். கெட்டியானதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடிய தோசைக்கல்லில் சில நிமிடம் சூடாக்கினால் இறுக்கம் தளரும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.