வலியறிதலும் தொழில் மாற்றமும்

தொழில் என்பது பொருளீட்டும் வாயில் மட்டுமன்று. உழவன், கொல்லன், ஆசிரியன், மருத்துவன் என்று தொழிலைக் கொண்டே உலகம் ஒருவனை அழைக்கின்றது. ஆதலின், மேற்கொண்ட தொழில் கைவிட்டுப் போங்காலத்து, வருவாய் போவதினும் மிகுதியாக, 'யான் யார்?' என்னும் வினாவே நெஞ்சை வருத்தும். அக்காலத்துத் தன் வலிமையையும் தான் உயிரெனப் போற்றும் பொருளையும் ஒருவன் எங்ஙனம் கண்டறிவது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என்றோர் அதிகாரம் வகுத்தனர். செய்யப்புகும் செயல், தான், எதிர்நிற்கும் பகை, உடன்நிற்கும் துணை ஆகிய நான்கன் வலிமையையும் சீர்தூக்கிய பின்னரே வினையில் இறங்குக என்பது அவர் கருத்து. அரசனை நோக்கிக் கூறியதாயினும் அது யாவர்க்கும் பொருந்துவதே. இதனை விளக்குதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. மதுரையில் வாழ்ந்த கண் மருத்துவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்களின் வரலாறே சாலும்.

அவர் 1918ஆம் ஆண்டில், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் தோன்றினார். அவரது இளமைக் காலத்தில், உறவினராகிய பெண்டிர் மூவர் கருவுற்ற நிலையிலேயே உயிர்நீத்தனர். அத்துயரமே மருத்துவராதல் வேண்டும் என்னும் உறுதியை அவர் உள்ளத்தில் விதைத்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் 1938இல் இரசாயனத்தில் பட்டமும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் பட்டமும் பெற்று இராணுவ மருத்துவப் பணியிற் சேர்ந்தார். மகப்பேற்று மருத்துவராதலே அவர் நோக்கம். ஆயின் கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றிற்று. 1948இல் இராணுவத்தினின்று விடுவிக்கப்பட்டார். விரல்கள் கோணின, நிற்றலும் நடத்தலும் அரியவாயின.

பகையின் வலிமை ஈண்டு வெளிப்படை. அதனை இல்லையென மறுத்து மகப்பேற்று மருத்துவத்தையே பற்றிநின்றிருப்பின் வினை முற்றுப்பெற்றிராது. மறுத்தாரும் அல்லர், மடிந்தாரும் அல்லர். தாம் விரும்பிய துறை வேறு, அத்துறையால் தாம் அடைய விரும்பிய பயன் வேறு எனப் பகுத்துணர்ந்தார். மருந்தின்றி வருந்தும் ஏழையரின் துயர் துடைத்தலே பயன். மகப்பேற்று மருத்துவம் அதற்கொரு வழி. ஒரு வழி அடைபட்டமையால் ஊரே இல்லையாகிவிடாது. கண் மருத்துவத்தை மேற்கொண்டார். கோணிய விரல்களால் நுண்கருவி பிடிக்கும் திறத்தைப் பன்முறை பயின்று கைவரச் செய்தார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அக்கைகளாலேயே செய்து முடித்தார். தன் வலிமை என்பது இருந்தவாறே எண்ணி அறிவதன்று, உழைப்பில் இட்டுச் சோதித்து அறிவது என்னும் உண்மை இதனால் பெறப்படும்.

1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராய் விளங்கிய அவர், 1976இல் ஓய்வு பெற்றார். பிறர் இளைப்பாறும் பருவத்தில் அவர் மீண்டும் தொழில் மாறினார். மருத்துவராயிருந்தவர் மருத்துவமனை அமைப்பவரானார். 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தோன்றிற்று. ஈண்டுத் துணைவலி புலனாகும். உடன்பிறந்தாரும் அவர்தம் துணைவரும் அப்பணியில் ஒன்றுகூடினர். குடும்பத்து நகைகளும் அடகு வைக்கப்பட்டன. செயலின் வலிமையையும் அவர் நன்கு அளந்திருந்தார். கண்புரை நோய் பெரும்பாலும் சிறியதோர் அறுவையால் நீங்குவது. ஆதலின் பணிகளை முறையாகப் பகுத்து, சிற்றூர்ப் பெண்களைத் துணைப்பணிக்குப் பயிற்றி, பொருளுடையார் செலுத்தும் கட்டணத்தால் இல்லாதார்க்கு இலவசமாகக் கண்ணொளி அளிக்கும் ஏற்பாட்டை நிறுவினார். கண்ணினுள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் ஆக்குதற்கு 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்சாலையும் எழுந்தது. 2006இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாறு அரிய ஒருவர்க்கே உரியது என்பார் உளர். யாம் அங்ஙனம் கருதோம். செல்லூரில் கைத்தறிகள் பல ஓய்ந்தன. தறி ஓய்ந்த நெசவாளன் எல்லாம் இழந்தான் அல்லன். நிறம் பகுத்துணரும் கண்ணும், இழை எண்ணும் பொறுமையும், அறுந்ததை முடியும் விரலும் அவனிடமே உள. வைகை வறண்ட ஆண்டில் நகரம் புகும் உழவனிடத்தும் காலமறிந்து செய்யும் அறிவு எஞ்சியிருக்கும். தொழிலின் பெயர் நீங்கினும் தொழில் தந்த பயிற்சி நீங்காது. ஆயினும் பயிற்சி மட்டும் சோறிடாது. புதுத்தொழில் கற்கும் வரை தாங்கும் கைகளும் வேண்டும். துணைவலியையும் எண்ணுக என்று வள்ளுவர் கூறியதன் அருமை இவர்பால் நன்கு விளங்கும்.

இயேசுபெருமான் அருளிய தாலந்துகளின் உவமையில், ஒற்றைத் தாலந்து பெற்றவன் கடியப்பட்டது அது சிறிதாயிருந்தமையால் அன்று. அஞ்சி அதனை மண்ணிற் புதைத்தமையால். பட்டம் பெற்று வெளியேறும் நம்முள் பலர் கற்ற துறையில் பணி பெறாமற் போகலாம். பெற்றோர் எண்ணிய பணியை விட்டு விலகவும் நேரலாம். அந்நாளில், மாணவ நண்பர்களே, எப்பணியில் களைப்பின்றி உழைத்தோம், யார் துயர் கண்டு வாளா இருக்க இயலாதாயிற்று, எவர் நம்முடன் நிற்பர் என்னும் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்போமாக. விடைகள் ஒருநாளிற் கிடையா. ஆயின் அவற்றைத் தேடுபவன் வேலையின்றி இருக்கும் நாளிலும் வழியின்றி இரான்.