வாசா கப்பல்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால், பால்டிக் கடலோரம் அமைந்தது சுவீடன் நாடு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டைக் குஸ்தாவ் அடால்ஃப் என்னும் மன்னர் ஆண்டு வந்தார். அவர் போர்த்திறம் மிக்கவர். அக்காலத்தில் சுவீடனுக்கும் போலந்துக்கும் போர் மூண்டிருந்தது. ஆதலின் பெரும் போர்க்கப்பல் ஒன்றைக் கட்டுமாறு மன்னர் பணித்தார். தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் 1626இல் வேலை தொடங்கியது. அரச குலத்தின் பெயராகிய ‘வாசா’ என்பதே அக்கப்பலுக்கும் பெயராயிற்று.

வாசா இரண்டு பீரங்கித் தளங்களை உடையது. வெண்கலத்தால் வார்க்கப்பெற்ற 64 பீரங்கிகள் அதில் ஏற்றப்பெற்றன. சிங்கங்களும் வேந்தர்களும் வீரர்களுமாக நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள் அதனை அணிசெய்தன. கண்டோர் வியந்தனர்.

எனினும், அவ்வழகினுள் ஒரு பெருங்குறை மறைந்திருந்தது. கப்பலின் மேற்பகுதி பாரம் மிகுந்தது. நீருள் அமிழும் பகுதியோ அப்பாரத்திற்கு ஈடுகொடுக்கும் அளவினதன்று. கப்பல் சாயாமல் நிற்கும்பொருட்டு அதன் அடியில் கற்களை நிரப்புதல் வழக்கம். வாசாவில் இன்னும் கற்களை நிரப்பினால் கப்பல் தாழும். தாழ்ந்தால் கீழ்த்தளத்துப் பீரங்கிப் பலகணிகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். கப்பலின் நிலைப்பைக் கணக்கிட்டறியும் முறை அந்நாளில் இல்லை. தச்சர்கள் பட்டறிவையே துணையாகக் கொண்டனர்.

புறப்படுமுன் ஒரு சோதனை நடைபெற்றது. கடற்படைத் துணைத்தலைவர் கிளாஸ் பிளெமிங் முன்னிலையில், 30 ஆட்கள் மேல்தளத்தில் ஒரு பக்கத்தினின்று மறு பக்கத்திற்கு ஒருங்கே ஓடினர். மூன்றாம் முறை ஓடியதும், கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சும்படி கப்பல் ஆடிற்று. உடனே சோதனை நிறுத்தப்பட்டது, பயணமோ நிறுத்தப்படவில்லை. மன்னர் அயல்நாட்டுப் போர்க்களத்தில் இருந்தார். கப்பலை விரைந்து அனுப்புமாறு வற்புறுத்தி வந்தார்.

1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வாசா புறப்பட்டது. பீரங்கிகள் மரியாதை வேட்டு முழங்கின. சற்று நேரத்தில் காற்று ஓங்கி வீசிற்று. கப்பல் ஒருபுறம் சாய, திறந்திருந்த கீழ்ப் பலகணிகளின் வழியே கடல்நீர் உட்புகுந்தது. ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவே சென்ற வாசா, கரையில் நின்றோர் கண்முன்னே மூழ்கிற்று. 30 பேரளவில் மாண்டனர்.

பின்னர் விசாரணை நிகழ்ந்தது. முதலில் கப்பலைக் கட்டிய ஹென்ரிக் ஹிபர்ட்சன் 1627இலேயே இறந்துவிட்டார். அவர்க்குப்பின் பணியை முடித்தோர், மன்னர் ஒப்பிய அளவுகளின்படியே கட்டியதாகக் கூறினர். கப்பல் ஆடியதைக் கண்ட மாலுமித் தலைவர் ஒருவர் அச்சோதனையைப் பற்றி அவையில் எடுத்துரைத்தார். முடிவில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

பால்டிக் கடலில் உப்பு குறைவு. ஆதலின் மரத்தைத் துளைக்கும் கடற்புழு அங்கு வாழ்வதில்லை. அதனால் வாசா அழியாது கிடந்தது. 1956இல் ஆண்டர்ஸ் பிரான்சேன் என்பார் அதன் இருப்பிடத்தைக் கண்டறிந்தார். 1961இல், 333 ஆண்டுகளுக்குப் பின், அது நீர்மட்டத்திற்கு மேல் எழுந்தது. இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம்.

மாணவர்களே! வாசாவைக் கவிழ்த்தது காற்று மட்டும் அன்று. குறை புறப்படுமுன்னரே வெளிப்பட்டது, கண்டோரும் இருந்தனர். கண்டதை உரிய காலத்தில் துணிந்து கூறிப் பயணத்தைத் தடுப்பார் இலர். விசாரணையில் வெளிவந்த உண்மை, கரையிலேயே உரைக்கப்பட்டிருப்பின் 30 உயிர்கள் பிழைத்திருக்கும். ஆணையிடுவோர் எத்துணைப் பெரியவராயினும், தீங்கு வருமுன் இடித்துரைப்பதே உண்மையான பணிவு என்பதை நாம் உணர்தல் வேண்டும்.