ஏழு மாணவர்கள்

பீகார் மாநிலத்தின் தலைநகரம் பாட்னா. அங்கே தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஒரு பெரிய சிலை இருக்கிறது. ராஜா சிலை அல்ல. மந்திரி சிலையும் அல்ல. ஏழு மாணவர்களின் சிலை. கொடி பிடித்தபடி முன்னேறுகிறார்கள். சிலர் குண்டு பட்டுச் சாய்கிறார்கள். கொடி மட்டும் கீழே விழவில்லை.

யார் இவர்கள்?

1942 ஆகஸ்டு மாதம். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் தொடங்கிய நேரம். 11-ஆம் தேதி பாட்னா மாணவர்கள் ஊர்வலமாகப் போனார்கள். செயலகத்தில் நமது கொடியை ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் போனார்கள். அவர்களைச் சுட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நம் வீட்டுப் பிள்ளைகளின் வயதுதான்!

அவர்கள் பெயர்களைச் சத்தமாகப் படியுங்கள்:

உமாகாந்த், ராமானந்த், சதீஷ், ஜகத்பதி, தேவிபத, ராஜேந்திர, ராம்கோவிந்த்.

நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 அன்றே இதற்கு அடிக்கல் நாட்டினார்கள். 1956-இல் சிலை திறக்கப்பட்டது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர்.

சென்னை மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருக்கிறீர்களா? நான்கு பேர் பெரிய பாறையைப் புரட்டுகிறார்கள். அதுவும் இவர் செய்ததுதான். 1959-இல் வைத்தார்கள். அந்த நால்வருக்கும் பெயர் கிடையாது. மூட்டை தூக்குகிறவர், கல் உடைக்கிறவர், யாராகவும் இருக்கலாம்.

உங்கள் ஊரில் என்ன சிலை இருக்கிறது? அதன் அடியில் எழுதியிருப்பதைப் படித்து வந்து எழுதுங்கள்.

யாருடைய சிலை? ..............
வைத்த ஆண்டு ..............