வடா பாவ்: வீட்டில் செய்து பார்ப்போம், கணக்கும் போட்டுப் பார்ப்போம்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் கேட்டார்: "மேடம், பம்பாய்ல பன்னுக்குள்ள போண்டாவ வச்சு விக்கிறாங்களாமே, அத நம்மளும் செய்யலாமா?" அதே குழுவில் ஒரு சகோதரி தள்ளுவண்டி போட இருபதாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டிருந்தார். அதனால் இந்த மாதப் பாடம் வடா பாவ் பற்றியது. செய்முறையோடு கணக்கையும் சேர்த்தே படியுங்கள்.

மும்பையில் வடா பாவ் ஏழைபாழைகளின் சாப்பாடு. 1966-ல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் கடை போட்டு இதைப் பிரபலமாக்கினார் என்று சொல்கிறார்கள். மில்லுக்கு ஓடுகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட நேரம் ஏது? ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடலாம். 'பாவ்' என்பது போர்ச்சுகீசியர் விட்டுப்போன ரொட்டி. மராத்தியில் உருளைக்கிழங்குக்குச் சொல்லும் 'பட்டாட்டா'வும் அவர்கள் சொல்தான். 1982-ல் மும்பை மில் தொழிலாளர்கள் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் பல மில்கள் திறக்கவே இல்லை. வேலை போன குடும்பங்கள் பல இந்த வடைச் சட்டியை வைத்துத்தான் பிழைத்தன.

அந்த மில் பகுதியிலேயே நமக்கு நெருக்கமான இன்னொரு விஷயமும் நடந்தது. தொழிலாளர்களுக்கு வீட்டிலேயே சமைத்துப் போட்ட பெண்கள் மளிகைக் கடன், கந்துவட்டி என்று மாட்டிக்கொண்டிருந்தார்கள். 1975-ல் பிரேமா புராவ் என்ற அம்மா அவர்களை 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்று ஒன்று சேர்த்து, அரசு வங்கிகளில் கடன் வாங்கிக் கொடுத்தார். நம் குழுக்கள் வருவதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது இது. சமையல் தெரிந்த பெண்ணை வங்கி நம்ப வைத்தார்கள் பாருங்கள், அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, அடுப்புக்கு வருவோம். பன்னிரண்டு வடைக்கு அளவு சொல்கிறேன்.

உருளைக்கிழங்கு 600 கிராம் வேகவைத்து, தோலுரித்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மசித்தால் கொழகொழவென்று ஆகிவிடும். கையால் உதிர்த்தால் போதும், சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். பச்சைமிளகாய் ஐந்தாறு, பூண்டு பத்துப் பல், விரல் அளவு இஞ்சி, இவற்றை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் விழுதாக அரைத்தால் அந்த ருசி வராது. எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தட்டியதை வதக்கி, மஞ்சள்தூள், உப்பு போட்டுக் கிழங்கோடு பிசையுங்கள். கொத்தமல்லித்தழையும் அரைமூடி எலுமிச்சைச் சாறும் கடைசியில். நம் ஊர் போண்டா மசாலா மாதிரி வெங்காயம் போட வேண்டாம். தண்ணீர் விட்டு மாவு பிரிந்துபோகும்.

கடலைமாவு 200 கிராம், அரிசிமாவு ஒரு கரண்டி, மஞ்சள்தூள், உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. பஜ்ஜி மாவைவிடச் சற்றே கெட்டியாகக் கரையுங்கள். கிழங்கை எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக உருட்டி, லேசாகத் தட்டி, மாவில் முக்கி, மிதமான தீயில் பொரித்தெடுங்கள். எண்ணெய் காயாமல் போட்டால் வடை எண்ணெய் குடிக்கும், லாபமும் அதோடு போகும். மிஞ்சிய மாவைச் சட்டியில் தூவிப் பொரித்தால் மொறுமொறுவென்று வரும். அதை வீசாதீர்கள், சட்னிக்கு வேண்டும்.

வடா பாவின் உயிர் சிவப்புப் பூண்டுப் பொடிதான். இருபது பல் பூண்டை எண்ணெயில் சிவக்க வறுங்கள். கொப்பரைத் துருவல் அரை கப், எள் இரண்டு ஸ்பூன், கொஞ்சம் வேர்க்கடலை தனியாக வறுங்கள். ஆறியபின் மிளகாய்த்தூள் ஒரு கரண்டி, உப்பு, அந்தப் பொரித்த தூளும் சேர்த்து, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரையுங்கள். ஈரம் படாத பாட்டிலில் ஒரு வாரம் கெடாது. கொத்தமல்லிப் பச்சைச் சட்னியை மட்டும் அன்றன்றைக்கு அரைக்க வேண்டும்.

பேக்கரியில் 'பாவ் பன்' என்று கேட்டு வாங்குங்கள். இனிப்பு பன் சரிப்படாது. முழுசாக வெட்டாமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி கீறி, உள்ளே பச்சைச் சட்னி தடவி, பூண்டுப் பொடி தூவி, சூடான வடையை வைத்து அமுக்குங்கள். கீறி, உப்புப் போட்டு வதக்கிய பச்சைமிளகாய் ஒன்று பக்கத்தில். பன் பழசாக இருந்தால் தோசைக்கல்லில் சூடாக்கிக்கொள்ளலாம்.

இனி கணக்கு. உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கு 24, கடலைமாவு 24, பன் 60, எண்ணெய் 15, மசாலா, சட்னிச் சாமான் 35, கேஸ் 10, காகிதம் 6. மொத்தம் 174 ரூபாய். ஒன்று 20 ரூபாய் என்று பன்னிரண்டும் விற்றால் 240 வரும், மிச்சம் 66. இரண்டு விற்காமல் நின்றால் மிச்சம் 26 தான். நான்கு நின்றால் கையைவிட்டு 14 ரூபாய் போகும். இதில் உங்கள் உழைப்புக்குக் கூலி இன்னும் போடவில்லை! அதனால்தான் அந்தச் சகோதரியிடம், வண்டி வாங்கும் முன் இரண்டு வாரம் வீட்டு வாசலிலேயே போட்டு, தினமும் எத்தனை விற்றது, எத்தனை நின்றது என்று நோட்டில் எழுதச் சொன்னேன். குழுவும் அந்த நோட்டைப் பார்த்தபின் தீர்மானம் போடலாம் என்று ஒப்புக்கொண்டது.

விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கவே கூடாது. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் 2018-ம் ஆண்டு விதிகளிலேயே தடை இருக்கிறது. வாழையிலை நறுக்கு நமக்குச் சுலபம். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் கொட்டிவிடுங்கள். பழைய எண்ணெயில் புது எண்ணெய் கலந்து ஓட்டுவது வேண்டாம், சாப்பிடுவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

செய்து பார்க்கிற குழுக்கள் செலவுக் கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நான்கு வடை மீந்திருந்தால் அதையும்தான்.