மேட்டு வயலும் வாய்க்காலும்
வளர்ச்சிசார் இயலாமையுடையோரின் உரிமைச் சட்டம் பற்றிய ஒரு பாடம்

1. யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

சிறு பராயத்திலேயே தொடங்கி, கற்றல், பேச்சு, பழகும் விதம், உடலசைவு ஆகியவற்றைப் பாதித்து, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும் நிலைகளை வளர்ச்சிசார் இயலாமை என்கிறோம். ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம், மூளை முடக்குவாதம் என்பன இவற்றுட் சில. இவை பெற்றோர் செய்த பாவத்தின் பலனுமல்ல, செய்வினையுமல்ல, தொற்றுநோயுமல்ல.

இடம்பெயர்வு எல்லோரையும் வருத்தியது. ஆனால் பழகிய வீட்டிலும் வளவிலும் மாத்திரம் நிம்மதி காணும் ஒரு பிள்ளைக்கு முகாமின் நெரிசலும் சத்தமும் பெருந்துன்பமாயின. பிறப்புச் சான்றிதழும் கிளினிக் கொப்பியும் பல குடும்பங்களில் வழியிலேயே தொலைந்தன. அவை இல்லாமல் பாடசாலையிலும் அலுவலகத்திலும் பிள்ளைக்காகப் பேசப் பெற்றோர் பெரிதும் சிரமப்படுகின்றனர்.

2. கையிலுள்ள சட்டம்

இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு எமது நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதிலோ, பாடசாலையில் அனுமதிப்பதிலோ பாரபட்சம் காட்டக்கூடாது என்று அதன் 23 ஆம் பிரிவு கூறுகிறது. அப்படி நடந்தால் மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என்கிறது 24 ஆம் பிரிவு.

இது நல்ல சட்டமே. பிள்ளையைச் சேர்க்க மறுக்கும்போது துணிந்து எடுத்துச் சொல்லத்தக்கது. ஆயினும் அதில் மூன்று குறைகளைக் காண்கிறோம்.

முதலாவது, வரைவிலக்கணம். உடல் அல்லது மன ஆற்றலிலுள்ள குறைவினால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற முடியாதவர் என்றே இச்சட்டம் இயலாமையுடையவரை விபரிக்கிறது. அதாவது, குறை முழுவதும் ஆளிடம் இருக்கிறது என்பதே அதன் எண்ணம். கமக்காரர்களாகிய நாம் இதைச் சிந்திக்கலாம். மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் வயலையா ஏசுகிறோம்? வாய்க்காலைத் துப்புரவாக்கி, கட்டை உயர்த்தி, மதகைத் திருத்துகிறோம். சட்டமும் அப்படியே வாய்க்காலைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தடை செய்வதோடு சட்டம் நின்றுவிடுகிறது. பிள்ளையைச் சேர்த்தபின் அது கற்பதற்கேற்ற மாற்றங்களைச் செய்வது பாடசாலையின் கடமை என்று அது சொல்லவில்லை. வாங்கில் இருத்தி வைப்பது கல்வி ஆகாது.

மூன்றாவது, நிவாரணம் தூரத்தில் இருக்கிறது. நாட்கூலிக்குப் போகும் தாய் மேல் நீதிமன்றத்துக்கு எப்படிப் போவாள்?

3. காணியும் கையொப்பமும்

"நாங்கள் கண்மூடினால் இந்தப் பிள்ளையை ஆர் பார்ப்பார்கள்?" என்பதே பெற்றோர் பலரின் தீராத கவலை. காணியைப் பிரிக்கும்போது இப்பிள்ளையின் பங்கு சத்தமில்லாமல் மற்றவர்களிடம் போய்விடுவதும் உண்டு. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று மாவட்ட நீதிமன்றம் தீர்மானித்து, அவரது சொத்துக்கு முகாமையாளரை நியமிக்கலாம். ஆனால் ஆறுதலாக விளங்கப்படுத்தினால் தானே தீர்மானிக்கக்கூடிய ஒருவருக்கு அந்த உதவியை வழங்கும் ஏற்பாடு எமது சட்டத்தில் இல்லை. ஒருவருக்குத் துணை நிற்பது வேறு, அவருடைய இடத்தைப் பிடிப்பது வேறு.

4. நாடு கொடுத்த வாக்கு

ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் ஏற்றுக்கொண்ட இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய சமவாயத்தில் இலங்கை 2007 இல் ஒப்பமிட்டு, 2016 இல் அதனை உறுதிப்படுத்தியது. இயலாமையுடையோர் சொத்தை வைத்திருக்கவும் வழிவழியாகப் பெறவும் உரித்துடையவர்கள், தீர்மானம் எடுக்க அவர்களுக்குத் துணை வழங்கப்பட வேண்டும் என்கிறது அதன் 12 ஆம் உறுப்புரை. போரிலும் அனர்த்தத்திலும் அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 11 ஆம் உறுப்புரை; இது எம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது போலுள்ளது. சட்டம் ஆக்கும்போது அவர்களையும், அவர்களுள் சிறுவர்களையும், கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 4 ஆம் உறுப்புரை.

ஆனால் எமது நாட்டில் ஒரு சமவாயம் நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டுமாயின், பாராளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டும். ஆகவேதான் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறோம். தடைகளையும் கணக்கிலெடுக்கும் வரைவிலக்கணம், பாடசாலைக்கும் தொழில் வழங்குநருக்கும் தெளிவான கடமைகள், தீர்மானம் எடுப்பதற்குத் துணை, மாவட்டத்திலேயே செலவின்றி முறையிடும் வழி ஆகிய நான்கையும் நாம் கேட்க வேண்டும்.

5. நாம் செய்யக்கூடியவை

சட்டம் கொழும்பில் ஆக்கப்பட்டாலும் கோரிக்கை கிராமத்திலிருந்து போகலாம்.

முதலில், தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். கிராம அலுவலர் ஊடாகவும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பிள்ளையைப் பதிவு செய்யுங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியையும் திகதியையும் வைத்திருங்கள். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்து, கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் இதை ஒரு விடயமாக எடுங்கள். பெற்றோர் ஐந்து பேர் சேர்ந்தாலே ஒரு குழு. மேற்சொன்ன நான்கு கோரிக்கைகளையும் எழுதி, ஒப்பமிட்டு, உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் அனுப்புங்கள். கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களும் அங்கே இருப்பதே முறை.

கலந்துரையாடலுக்கு:

அ. எமது கிராமத்தில் பாடசாலைக்குப் போகாத இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைத் தடுப்பது எது?

ஆ. எமது குடும்பக் காணியில் இவர்களுடைய பங்கு எழுத்தில் உள்ளதா?

இ. இவர்களை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமா, பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறோமா?