சங்கிலிப் பட்டைக்கு எந்தப் பசை?

எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் நடத்தும்போது ஆணியின் கூர்முனை, ஒட்டகத்தின் பாதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு இவற்றைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மண் அள்ளும் செயின் வண்டியை (அவர்களுக்கு அது ஹிட்டாச்சி) தினமும் பார்க்கிறார்கள். திருமானூர்ப் பக்கத்து நெல் வயலில் ஈரம் காயாவிட்டால், டயர் வண்டி வேண்டாம், செயின் வண்டி வரட்டும் என்று வீட்டில் காத்திருப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏன் காத்திருக்கிறார்கள் என்ற கேள்வியிலேயே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தா முதல் பின்னாளைய அர்ஜுன் வரை எல்லா பீரங்கி வண்டிகளும் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன. முதல் அர்ஜுனின் எடை சுமார் 58 டன். ஆனாலும் அது ஒரு சதுர சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே அழுத்துகிறது. காரின் டயர் அழுத்துவதோ ஏறத்தாழ இரண்டு கிலோ. இதைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். அந்த மறுப்புதான் நமக்கு வேண்டியது. செய்து பார்க்கலாம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நான் செய்யப் போய்த் தடுமாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய மாணவர் ஒருவர் 35இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் பீரங்கி வண்டி மாதிரி ஒன்றைப் பிரிக்காத பெட்டியுடன் கொடுத்தார். ஒரு பக்கத்துப் பட்டைக்கு மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட கண்ணிகள். கண்காட்சிக்கு இரண்டே நாள் இருந்ததால், கடையில் கிடைக்கும் உடனடிப் பசையை வாங்கி மாணவர்களிடம் கொடுத்தேன். பட்டை நேர்க்கோடாக அழகாக வந்தது. சக்கரத்தைச் சுற்றி வளைத்ததும் நான்கு இடங்களில் படபடவென்று முறிந்தது. கண்ணிகளைச் சுற்றி வெள்ளைப் பூச்சாகப் படலம் வேறு. ஒரு மாணவியின் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரித்தோம். இழுத்திருந்தால் தோல் உரிந்திருக்கும். தவறு பசையினுடையதல்ல, தேர்ந்தெடுத்த என்னுடையது.

உடனடிப் பசை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. காற்றிலும் தோலிலும் உள்ள ஈரம் பட்டவுடன் இறுகிவிடும். இறுகியபின் விறைப்பாக நிற்குமே தவிர வளையாது. தவறாக வைத்த கண்ணியைத் திருத்த அவகாசமும் தராது. சிந்தியதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக் கூடாது. பருத்தியுடன் சேர்ந்தால் கையைச் சுடும் அளவுக்கு வெப்பம் வெளிப்படலாம்.

மாதிரிப் பெட்டியில் வரும் கெட்டிப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். தெர்மாகோலும் அதுவே, நுரைபோல் உப்பவைத்த வடிவம். இதற்கென விற்கும் பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரு பரப்புகளையும் சற்றே கரைத்து இளக்குகிறது. இளகிய மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். தண்ணீர்க்குழாய் மாட்டும் பிளம்பர் பிவிசி குழாயில் தடவும் சொல்யூஷனும் இதே வேலையைத்தான் செய்கிறது. பத்தாம் வகுப்பில் கரைசல்கள் பாடத்துக்கும் இதை எடுத்துச் செல்லலாம்.

பாலிஸ்டைரீன் பசையில் நீர்போல் மெல்லியது, தேன்போல் கெட்டியானது என இரண்டு உண்டு. மெல்லியது இடுக்கில் தந்துகிக் கவர்ச்சியால் தானே ஓடிப் பரவும். சக்கரங்களுக்கு அது போதும். பட்டைக்குக் கெட்டியானதே நல்லது. அளவுகோலை ஒட்டிக் கண்ணிகளை வரிசையாக வைத்து, இணைப்புகளில் மட்டும் சிறிது தடவி, அரை மணி நேரம் விடுங்கள். ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் அந்தப் பக்குவத்தில் பட்டை கயிறுபோல வளையும். சக்கரத்தைச் சுற்றிப் போட்டு, மேற்பகுதி இயல்பாகத் தொங்கும்படி பஞ்சுத்துண்டுகளைச் செருகி, ஓர் இரவு அப்படியே வையுங்கள். சில பெட்டிகளில் ரப்பர்போல மிருதுவான பட்டை வரும். அதில் இந்தப் பசை பிடிக்காது. முனையிலுள்ள குமிழ்களைச் சூடான திருப்புளியால் ஆசிரியரே அழுத்தி உருக்கிவிடலாம்.

எல்லாப் பள்ளிக்கும் பெட்டி கிடைக்காது, தேவையும் இல்லை. பழைய வேட்டித் துணியை இரண்டு சென்டிமீட்டர் அகல நாடாவாக வெட்டி, அதன் குறுக்கே நறுக்கிய ஐஸ் குச்சிகளை வெள்ளைப் பசையால் ஒட்டினால் அருமையான சங்கிலிப் பட்டை தயார். மரமும் துணியும் நுண்துளை உள்ளவை. பசையின் நீரை உறிஞ்சி இறுகப் பிடித்துக்கொள்ளும். அதே பசையைப் பிளாஸ்டிக்கில் தடவினால் காய்ந்தபின் தோல்போல உரிந்து வரும். சக்கரத்துக்குப் பாட்டில் மூடிகளை எடுத்தால் ஒரு சிக்கல்: அவை பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், எந்தப் பசையும் எளிதில் பிடிக்காத பிளாஸ்டிக். துளையிட்டுக் கம்பி கோர்ப்பதே வழி. சில பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். 2, 5 என்றால் பசையைத் தேட வேண்டாம். துண்டுகளைக் கொடுத்து ஒட்டிப் பார்த்து அட்டவணை போடச் சொன்னால், மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கரைப்பான் பசையை ஆசிரியர் மேற்பார்வையில், சன்னல்களைத் திறந்துவைத்து, தீயின் அருகில் இல்லாமல் பயன்படுத்த வேண்டும். எத்தனை குப்பிகள் கொடுத்தோமோ அத்தனையையும் வகுப்பு முடிவில் எண்ணி வாங்கிப் பூட்டிவையுங்கள். பஞ்சர் சொல்யூஷனை முகர்ந்து பழகும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். இதில் கூச்சப்பட்டுப் பயனில்லை.

வண்டி தயாரானதும் தட்டில் ஈர மணலைப் பரப்புங்கள். வண்டியின் எடை 600 கிராம் என்று கொள்வோம். நான்கு சக்கரங்கள் தலா ஒரு சதுர சென்டிமீட்டர் தொட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம். 15 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் அகலமும் தரையைத் தொடும் இரு பட்டைகளை மாட்டினால் பரப்பு 60. அழுத்தம் 10 கிராமாகக் குறையும். பதிந்த ஆழத்தை அளவுகோலால் இருமுறையும் அளக்கச் செய்யுங்கள். கரிசல் மண் கிடைக்கும் பெரம்பலூர்ப் பள்ளிகளில் அதைக் குழைத்துச் செய்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

சென்ற முறை இந்த இடத்தில் ஒரு மாணவன், "ஐயா, நிஜ ஹிட்டாச்சிச் செயினை எந்தப் பசையால ஒட்டியிருப்பாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவனுக்கு எதிரில் இருந்தவள்தான், "ஒட்டலடா, இரும்புக் கண்ணியில பின் மாட்டியிருக்கும், எங்கப்பா கழட்டி மாட்டுவாரு" என்றாள். அடுத்த வகுப்புக்கு அவள் அப்பாவையே பேச அழைத்தோம்.